கன்னியப்பன் இணைப்பில் இல்லை

கன்னியப்பன் செத்துப்போன செய்தி கம்பெனிக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. முதல் மாலையை அனுப்பியதே கம்பெனிதான். ஆளுயர ரோஜா மாலை. அதன் குறுக்கே கம்பெனியின் பெயர் அச்சடித்த நீலப் பட்டி. மாலையோடு வந்த ஆள் அதைப் பிணத்தின் மேல் போட்டான், பட்டி மடங்கிக்கொண்டது. இழுத்து நேராக்கினான். நாலு பக்கமும் சுற்றி வந்து போட்டோ எடுத்து எங்கேயோ அனுப்பினான். அங்கிருந்து பதில் வரும்வரை காத்திருந்தான். தலைமாட்டில் விழுந்து அழுதுகொண்டிருந்த ராஜாமணியைத் தொட்டு, "கொஞ்சம் தள்ளிக்கங்கம்மா, லோகோ மறைக்குது" என்றான். அவளும் தள்ளி உட்கார்ந்தாள். கட்டினவன் பிணத்துக்கு எதிரே அழுகையை நிறுத்திவிட்டு ஒதுங்கி உட்கார்ந்த பெண்டாட்டி, அந்த வட்டாரத்தில் அவளாகத்தான் இருக்கும்.

அதே கம்பெனிதான் கன்னியப்பன் ஓடிப்போய்விட்டான் என்று பிற்பாடு போர்டில் ஒட்டியது.

சேதியைக் கொண்டுவந்தவன் புருஷோத்தமன். கன்னியப்பனோடு ஒரே லைனில், பக்கத்து மெஷினில் நின்றவன். ராஜாமணி அதற்குள் சுங்குவார்சத்திரத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பிள்ளைப்பாக்கத்தில் கன்னியப்பனுடைய பங்குக்கு வந்த இரண்டு அறைக்குக் குடிவந்திருந்தாள். ஒரே மகள், கட்டிக்கொடுத்து வாலாஜாபாத்தில் இருக்கிறாள். புருஷோத்தமன் பைக்கை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றான்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா மனசு கஷ்டப்படக் கூடாது."

"இதுக்கு மேல கஷ்டப்பட இன்னா கீது? சொல்லுப்பா."

"கேன்டீன் வாசல்ல போர்டு கீதில்ல, அதுல அண்ணன் போட்டோ ஒட்டிக்கீறாங்க."

"செத்தவங்களுக்கு ஒட்டுவாங்களா? நல்லதுதானே."

"அது செத்தவங்க போர்டு இல்ல அண்ணி. அப்ஸ்காண்டிங் போர்டு. சொல்லாம கொள்ளாம வேலைய வுட்டு ஓடிப்போனவங்களை ஒட்டுற போர்டு. அண்ணனுக்கு மேல ஒரு ஆளு, கம்பெனி செல்போன் ரெண்ட ஜட்டில சொருவிக்கினு செவுரு ஏறிக் குதிச்சவன். கீழ ஒருத்தன், சீட்டுப் புடிச்சு ஊரையே ஏமாத்திட்டுப் போனவன். நடுவுல நம்ம அண்ணன் சிரிச்சிக்கினு கீறாரு."

கன்னியப்பன் எதற்கும் ஓடாதவன். தகப்பன் கருமாதியன்று தலை ஈரம் காயாமல் இரண்டாம் ஷிஃப்டுக்குப் போனவன். ஓடியிருக்க வேண்டிய இடங்களில்கூட ஓடாமல் நின்றவன் என்று அவளுக்கு அவன்மேல் வருத்தமே உண்டு.

"நீங்கல்லாம் பொணத்தைத் தூக்கினவங்கதானே? சொல்லலியா?"

"சொன்னேன் அண்ணி. சூப்பர்வைசர், சிஸ்டம்ல அப்பிடித்தான் கீதுன்றாரு. புதுசா சேந்த பசங்க இன்னா பேசிக்கிறானுங்கன்னா..."

"சொல்லு."

"யாரோ பொம்பளையோட ஆந்திரா பக்கம் போயிட்டாராம்."

அன்றைக்கு அவள் சோறு வடிக்கவில்லை.

கன்னியப்பன் எப்படி ஓடிப்போனவன் ஆனான் என்பதைச் சொல்லவேண்டுமானால், நலம்விரும்பியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஆயுத பூஜைக்கு ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகள் எல்லாமே தொழிலாளிகளுக்கு ஏதாவது கொடுக்கும். இந்தக் கம்பெனியும் எவர்சில்வர் வாளி கொடுத்தது, டிராவல் பேக் கொடுத்தது, ஓடாத சுவர்க்கடிகாரம் கொடுத்தது. இரண்டு வருடத்துக்கு முன், கேன்டீன் சாம்பாரில் பருப்பு போடவேண்டும் என்று தொழிலாளிகள் கேட்டார்கள். அந்த வருடம்தான் ஆளுக்கொரு ஸ்பீக்கர் வந்தது. கவிழ்த்து வைத்த சொம்பு மாதிரி இருக்கும். தலையில் ஒரு விளக்கு வளையம். அதைச் சுற்றிப் பொடிப்பொடியாகத் துளைகள். வீட்டில் பேசுவதை அந்தத் துளை வழியாகக் கேட்டுக்கொண்டு பதில் சொல்லும். வைஃபை இல்லாவிட்டால் அதற்கு உயிர் கிடையாது. ஆகையால் வைஃபையும் கட்டாயம். கம்பெனி அதற்கு நலம்விரும்பி என்று பெயர் வைத்திருந்தது.

தினமும் காலையில் அது, "கன்னியப்பன், நலமா?" என்று கேட்கும். வீட்டிலிருந்து "நலம்" என்று பதில் போகவேண்டும். போனால், "நன்றி. உங்கள் நலமே எங்கள் உற்பத்தி" என்று சொல்லி அடங்கும். வேறு எந்தப் பதிலும் அதற்குப் புரியாது. ஒருமுறை கன்னியப்பன் காய்ச்சலில் கிடந்தான். "ஜுரம்" என்றான். "புரியவில்லை. நலமா?" என்றது. "ஒடம்பு சரியில்ல" என்றான். "புரியவில்லை. நலமா?" என்றது. "சனியனே, நலம்" என்ற பிறகுதான் விட்டது. அவனும் எழுந்து வேலைக்குப் போனான்.

ஒருநாள் விடியற்காலை, இரவு ஷிஃப்டோடு ஓ.டி.யும் பார்த்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் வந்தவன், வல்லக்கோட்டை தாண்டி எங்கேயோ ஜன்னலில் சாய்ந்தபடியே செத்துப்போனான். கம்பெனி பஸ்ஸில் எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவர்கள்தான். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கடைசி நிறுத்தத்தில் டிரைவர் தட்டி எழுப்பியபோதுதான் தெரிந்தது. கார்டைத் தேய்த்து வெளியே வந்துவிட்டபடியால் அது வேலை நேரத்துச் சாவு ஆகாது, சொந்த நேரத்துச் சாவுதான் என்று கம்பெனி அன்று மத்தியானமே முடிவுசெய்துவிட்டது. அதில் மட்டும் தாமதமில்லை.

மறுநாள் காலை, கூடம் நிறைய உறவுக்காரப் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தபோது, அலமாரி மேலிருந்து, "கன்னியப்பன், நலமா?" என்றது. பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திடுக்கிட்டுப் போனார்கள். ஒயரைப் பிடுங்கினால் கம்பெனியிலிருந்து ஃபோன் வரும் என்று ராஜாமணிக்குத் தெரியும். மூக்கைச் சிந்திவிட்டு, "நலம்" என்றாள். "நன்றி. உங்கள் நலமே எங்கள் உற்பத்தி." ஒப்பாரி தொடர்ந்தது. காரியம் முடிந்து வீடு மாறுகிறவரை தினமும் அப்படித்தான்.

பிள்ளைப்பாக்கத்து வீட்டில் வைஃபை இல்லை. மின்சாரத்தில் சொருகியதும் அதன் வளையம் ஆரஞ்சு நிறத்தில் சுற்றியது. "இணைப்பு இல்லை. உங்கள் குடும்பம் உங்களைத் தேடுகிறது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. குடும்பம் என்று அது சொன்னது கம்பெனியை. ராஜாமணி அதைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வைத்தாள். கன்னியப்பனின் ஃபோனுக்கு வந்த அழைப்புகளையும் எடுக்கவில்லை. வினை அங்கேதான் பிடித்தது.

*

புருஷோத்தமன் சொல்லிவிட்டுப் போன மறுநாள், இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ராஜாமணி கம்பெனிக்குப் போனாள். குடும்ப இணைப்பு மேலாளர் சிவசங்கர் அவளை உடனே உள்ளே வரச்சொன்னார். எழுந்து நின்று கும்பிட்டார். தண்ணீர் பாட்டில் கொடுத்தார். அவள் சான்றிதழை நீட்டியபோது மட்டும், செத்த எலியை நீட்டியது மாதிரிக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பேப்பரா? பேப்பர் நாங்க தொடறதில்லம்மா. நம்மது காகிதமில்லாத கம்பெனி. ஒரு காகிதம்னா ஒரு மரத்தோட உயிர்."

அந்த அறை இருந்த இடத்தில் முன்பு பனந்தோப்பு இருந்தது; அது வேறு விஷயம்.

"சார், எங்க வூட்டுக்காரரு செத்துட்டாரு. நீங்கதான் மாலை அனுப்புனீங்க. இப்ப ஓடிப்போனவருன்னு ஒட்டிக்கீறீங்க. அந்தப் பேரை எடுத்துடுங்க, வேற ஒண்ணும் கேக்க வர்ல."

"உங்க வலி எனக்குப் புரியுது. மாலை அனுப்புறது வேற டிபார்ட்மென்ட். எனக்கு டேட்டாதான் பேசணும்." மேஜைமேல் இருந்த கணினியைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க. அவர் இறந்ததா நீங்க சொல்ற தேதி இது. அதுக்கப்புறமும் தினம் காலைல உங்க வீட்லேர்ந்து நலம், நலம், நலம்னு பதில் வந்திருக்கு. அதாவது அவர் நல்லா இருந்திருக்கார். ஆனா வேலைக்கு மட்டும் வரலை. திடீர்னு ஒருநாள் நலமும் நின்னுடுச்சு, நீங்களும் வீட்டைக் காலி பண்ணிட்டீங்க. இதை சிஸ்டம் எப்படிப் புரிஞ்சுக்கும், நீங்களே சொல்லுங்க."

"நலம்னு சொன்னது நான்தான் சார். சொல்லாங்காட்டி அது வாயை மூடாது."

"யார் சொன்னாலும் ஏத்துக்கும். குடும்பத்துக்குள்ள நாங்க ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்படறதில்ல." பெருமையோடு நாற்காலியில் சாய்ந்தார். "நான் இங்க வந்ததும் ஹெச்.ஆர்.ன்ற பேரையே எடுத்துட்டேன். மனிதவளம்! என்ன வார்த்தை அது, நிலக்கரி மாதிரி! நாம குடும்பம். குடும்பத்துல ஒருத்தர் தவறிட்டா அப்பாகிட்ட போய் சர்டிபிகேட்டையா நீட்டுவோம்? வாயால சொல்லுவோம். வாயால சொல்லுங்க, நலம்விரும்பிகிட்ட. புது வீட்டு வைஃபைல அதை இணைச்சிட்டீங்கன்னா எல்லாம் தானா நேராயிடும். ஒரு மனுஷன் தலையிட்டாதான் தப்பு வரும். அதனாலதான் நான் எதுலயும் தலையிடறதே இல்லை."

ராஜாமணி எழுந்தாள். அவர் மறுபடியும் கும்பிட்டார். கும்பிட்ட கையில் மருந்து நெடி வந்தது. அவள் வெளியேறுமுன்பே கையில் எதையோ தடவித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

*

பிள்ளைப்பாக்கத்தில் கேபிள் டி.வி.யும் வைஃபையும் டில்லிபாபு கையில். இரண்டுமே அவன் வந்தால்தான் ஓடும். அவன் வருவதுதான் அரிது. துக்க வீடு என்பதால் சொன்ன அன்றே வந்தான். ஆணியடித்து ரௌட்டரை மாட்டினான்.

"பேரு இன்னா வெக்கட்டும்க்கா வைஃபைக்கு?"

"எதையாவது வை."

"கன்னியப்பன்னே வெச்சிடறேன். அண்ணன் பேரு இருக்கட்டும்."

ஸ்பீக்கரின் தலையை அவன் அழுத்திப் பிடித்தான். வளையம் நீலமானது. இனிமேல் கன்னியப்பனின் ஃபோனில் இருக்கும் செயலியைத் திறந்து, புது வைஃபையைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ராஜாமணி பீரோவிலிருந்து அந்த ஃபோனை எடுத்து வந்தாள். சாமி படத்துக்குப் பூ வைப்பது மாதிரி தினமும் அதற்குச் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள்.

முதல் தடவை பிடிக்கவில்லை. ரௌட்டரில் இரண்டு வகை அலை வருமாம், இது அதில் கிழட்டு அலையைத்தான் பிடிக்குமாம். டில்லிபாபு அதற்கு ஒருமுறை ரௌட்டரை அணைத்துப் போட்டான். பாஸ்வேர்டைத் தப்பாக அடித்து மறுபடி ஒருமுறை. மூன்றாவதாக, அவன் வைத்த பாஸ்வேர்டே அவனுக்கு மறந்துபோனது.

"ஏ சொம்பு, ஒழுங்கா கனெக்ட் ஆவறியா, ஒடைக்கட்டுமா?"

"இணைப்பு இல்லை. உங்கள் குடும்பம் உங்களைத் தேடுகிறது" என்றது அது.

"தேடட்டும், தேடட்டும். என்னைக்கூட ஆஸ்தி பிரிக்கறப்பதான் தேடுவாங்க."

பிற்பாடு பிடித்துக்கொண்டது. ஃபோன் திரை முழுக்க வண்ணக் காகிதத் துண்டுகள் கொட்டின. பலூன்கள் மேலே போயின. 'புதுமனை புகுவிழா வாழ்த்துகள், கன்னியப்பன்! புது வீடு, புது உற்சாகம்!' என்று எழுத்து வந்தது. டில்லிபாபு ஃபோனைச் சட்டென்று கவிழ்த்துக்கொண்டான். அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னா கேக்குது பாரு."

"குடும்பத் தலைவர் கொரல்ல சொல்லணுமாம்க்கா. 'நான் இங்கே நலமாக இருக்கிறேன்'னு. அப்பதான் வூடு மாறுனது செல்லுமாம். தினம் கேக்குறதுக்கு யாரு சொன்னாலும் சரியாம், இதுக்கு மட்டும் அவரே சொல்லணுமாம்."

டில்லிபாபு தொண்டையைக் கனைத்து, குரலைத் தடிப்பாக்கி, "நான் இங்கே நலமாக இருக்கிறேன்" என்றான். "குரல் கேட்கவில்லை" என்றது. கத்தினான். "குரல் கேட்கவில்லை." எதிர்வீட்டு நாய்தான் குரைத்தது.

உதவி எண்ணுக்கு ஃபோன் போட்டார்கள். எடுத்தவள் ரஞ்சனி. சிவசங்கரின் பிரிவில் வேலை பார்க்கும் சின்னப்பெண், குரலில் சர்க்கரைப்பாகு.

"வணக்கம், குடும்ப இணைப்பிலிருந்து ரஞ்சனி. உங்க நலம் எப்படி இருக்கு?"

"அம்மா, நலம்விரும்பிய புது வைஃபைல மாட்டணும். அது அவரு கொரலு வேணும்னு கேக்குது."

"கண்டிப்பா உதவுறேன்மா. சாரை லைன்ல வரச்சொல்லுங்க."

"அவரு இல்லம்மா."

"எப்ப வருவார்மா?"

"வரமாட்டாரு."

"ஷிஃப்ட்ல இருக்காரா?"

"செத்துட்டாரும்மா."

எதிர்முனையில் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. "கேக்க ரொம்ப வருத்தமா இருக்கும்மா. சரி, அவர் எப்ப ஃப்ரீயா இருப்பார்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சர்க்கரைப்பாகு போய், சொந்தக் குரல் வந்தது. "ஐயோ, மன்னிச்சிடுங்கம்மா. ஸ்கிரீன்ல வர்றதைப் படிச்சிட்டேன். நான் மேனேஜர்கிட்ட சொல்லி நேர்லயே வர ஏற்பாடு பண்றேன்."

*

நேரில் வருவதற்குக் கம்பெனியில் 'இல்லம் தேடும் இதயம்' என்று பெயர். ஒரு கார், ஒரு பூங்கொத்து, ஒரு போட்டோ. சிவசங்கர் ஷூவைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலில் கொஞ்சநேரம் யோசித்தார். தரையைப் பார்த்தார். சாக்ஸோடு உள்ளே வந்தார். கன்னியப்பன் படத்துக்குக் கீழே பூங்கொத்தை ராஜாமணி கையில் கொடுத்து, அதை விடாமல் தானும் பிடித்துக்கொண்டு, ரஞ்சனியைப் போட்டோ எடுக்கச் சொன்னார்.

"லேசா சிரிங்கம்மா. ரொம்ப வேண்டாம், லேசா."

பூங்கொத்தில் இருந்தவை வாசனையில்லாத பூக்கள். மேலே தெளித்திருந்த செண்டின் நெடி அவள் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது.

சிவசங்கர் ஸ்பீக்கரைக் கையில் எடுத்துத் திருப்பினார். முகம் சுளித்தார்.

"என்ன இது, இவ்வளவு அழுக்கு?"

"அழுக்கு இல்ல சார், சந்தனம். ஆயுத பூஜைக்கு அவரு வெச்சது. மிக்ஸி, கிரைண்டர், பைக்கு எல்லாத்துக்கும் வெச்சிட்டு இதுக்கும் வெச்சாரு. சோறு போடுற கம்பெனி குடுத்ததுன்னு இதுக்கு ரெண்டு வாட்டி வெச்சாரு."

"மைக் துளை முக்கால்வாசி அடைஞ்சு போயிருக்கு! நலம்னு ஒரு வார்த்தைன்னா உள்ள போயிடும், முழு வாக்கியம் போகுமா? இதுக்குக் காது கேக்காததுல என்ன ஆச்சரியம்? பிளான்ட்ல ஆயுத பூஜைன்னா ரோபோவுக்கெல்லாம் நாங்க ஸ்டிக்கர் பொட்டுதான் வைக்கிறோம், தெரியுமா? சென்ஸார் கெடக் கூடாதுன்னு. குருக்களுக்கே ட்ரெய்னிங் குடுத்திருக்கோம். வீடுகளுக்கும் தெளிவா அறிவிப்பு அனுப்பினோமே."

"எதுல சார் அனுப்புனீங்க?"

"இதுலதான். இது வழியா வாசிச்சுக் காட்டினோம்." மேலாளர் வருத்தத்தோடு தலையசைத்தார். "ரஞ்சனி, ஹேர்பின் இருந்தா குத்தி எடும்மா."

"நான் எடுக்கறேன்" என்றாள் ராஜாமணி.

தாலி இருந்த கயிற்றில் முன்பு மாட்டியிருந்த ஊக்கு இப்போது அவள் ஜாக்கெட்டில் இருந்தது. அதைக் கழற்றிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனாள். காய்ந்த சந்தனத்தில் அவன் மோதிரவிரல் அச்சு அப்படியே இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிரஸ் மெஷினில் நசுங்கிய விரல் அது. ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பொட்டும் ஒரு பக்கம் தட்டையாகத்தான் இருந்தது. அவள் ஊக்கு முனையை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"சீக்கிரம்மா, அடுத்த இல்லம் வேற இருக்கு" என்றார் சிவசங்கர்.

சுரண்டினாள். பொடி உதிர்ந்து மடியில் விழுந்தது. துளை ஒவ்வொன்றாகத் திறந்தது. போர்டிலிருந்து அவன் பேர் இறங்க வேண்டும்; அதற்காக அவன் விரலை எடுக்கத்தான் வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ரஞ்சனி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

காது திறந்ததும் அது, "குடும்பத் தலைவர் பேசவும்" என்றது.

"இப்ப யாரு சார் பேசுறது?"

சிவசங்கர் டேப்லெட்டில் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தார். ரஞ்சனிதான் தயங்கித் தயங்கி, "வாட்ஸாப்ல அவர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் ஏதாச்சும் இருக்குமாம்மா? அவர் குரல்னு தெரிஞ்சா போதும்" என்றாள்.

இருந்தது. நிறைய இருந்தது. ஆனால் எல்லாம் ஒன்றேதான். ராஜாமணி அவற்றைக் கேட்டு மாதக்கணக்காகிறது. கேட்கிற தைரியம் வரவில்லை. ஒன்றை அழுத்தி, ஃபோனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தாள். பின்னால் மெஷின் சத்தம் இரைய, மூச்சு வாங்கிக்கொண்டு கன்னியப்பன் பேசினான்:

"ராஜி, இன்னிக்கும் ஓ.டி. நீ சாப்ட்டுட்டுப் படு."

அவள் ஃபோனை எடுத்து முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள்.

வளையம் பச்சையாகிக் குதூகலமாகச் சுற்றியது.

"வணக்கம், கன்னியப்பன்! உங்கள் குரல் உறுதியானது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு, வந்ததும் ஓ.டி. கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆர்வத்தைப் பாராட்டுகிறோம்! நாளை இரவு ஷிஃப்டில் உங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. பஸ் உங்கள் புதிய வீட்டுக்கே வரும். உங்கள் நலமே எங்கள் உற்பத்தி."

சிவசங்கர் கை தட்டினார். நிஜமாகவே தட்டினார்.

"பாத்தீங்களா! வைஃபை மாறிச்சு, அட்ரஸ் மாறிச்சு, ஆளும் ஆக்டிவ்! போர்டுல இருந்து பேர் போயிடுச்சும்மா. இதோ பாருங்க, சிவப்பா இருந்தவர் பச்சை ஆயிட்டார்!"

டேப்லெட்டில் கன்னியப்பனின் முகம் பச்சை வட்டத்துக்குள் சிரித்தது. ஒரு கணம் ராஜாமணிக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கின மாதிரிதான் இருந்தது. சுவர் ஏறிக் குதித்தவனுக்கும் சீட்டுப் பிடித்தவனுக்கும் நடுவில் இனி அவன் இல்லை.

"இப்ப செத்துட்டாருன்னு போட்டுடுங்க சார்."

"போட்டுடலாம்." அவர் விரலை ஓட்டினார். "பணியிலிருந்து விலகக் காரணம்... திருமணம், மேற்படிப்பு, சொந்தத் தொழில், வேறு நிறுவனம்..."

"சாவு?"

"அது இருந்துச்சும்மா. பாக்க நெகட்டிவா இருக்குன்னு போன வருஷம்தான் எடுத்தோம். அதை எடுத்த பிறகு இறப்பு விகிதம் பூஜ்யம். மாநாட்டுல எங்களுக்குக் கேடயம் குடுத்தாங்க."

அவர் முகத்தில் கூச்சம் ஒன்றும் இல்லை.

"வேற நிறுவனம்னு போடலாமா? வேண்டாம், போட்டிக் கம்பெனியான்னு விசாரணை வரும். சாதாரண ராஜினாமா போட்டுடலாம். ஆனா நோட்டீஸ் பீரியட் இருக்கு. மூணு மாசம் வேலைக்கு வரணும்."

"யாரு?"

"அவர்தாம்மா. அதுவும் நாளைக்கு ஓ.டி.க்கு அவரே வாயால ஒத்துக்கிட்டிருக்கார். ரெக்கார்ட் ஆயிடுச்சு. பஸ் வந்து ஹாரன் அடிச்சு, ஆள் ஏறலைன்னா, மறுபடி அப்ஸ்காண்டிங்தான். நான் தலையிட முடியாது."

நாளைக்கு அந்த பஸ் வரும். அதே பஸ். இந்த வாசலில் நின்று அவனைக் கூப்பிட்டு ஹாரன் அடிக்கும். ராஜாமணி ஓடிப்போய் வாசல் ஓரத்தில் துப்பினாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, அவள் கும்பிடுகிற கையோடு வரவில்லை.

"ஓடிப்போயிட்டாருன்னே எழுதிக்கோ."

"அம்மா, அது வேண்டாம்னுதானே நீங்க இவ்வளவு..."

"ஆமா, வேணாம்னுதான் உன் வாசல்ல வந்து நின்னேன். இப்ப நானே சொல்றேன், எழுதிக்கோ. ஜுரம்னாலும் நலம், ஒடம்பு நோவுதுன்னாலும் நலம்னு சொல்லிக்கினே இருந்தாரு. ஒருநாளு உன் பஸ்ல, உன் ஆளுங்க நடுவுல உக்காந்துகினே, ஒருத்தனுக்கும் தெரியாம ஓடிட்டாரு. அவரு செஞ்சதிலேயே கெட்டிக்காரத்தனம் அது ஒண்ணுதான். அந்தப் போர்டுல ஒட்டு. இன்னும் பெரிய போட்டோவா ஒட்டு. பாக்குறவன் பாக்கட்டும், உங்கிட்டருந்து ஓடலாம்னு தெரிஞ்சிக்கட்டும்."

ரஞ்சனி கையிலிருந்த ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் வெளியே போய்க் காரில் ஏறிக்கொண்டாள்.

சிவசங்கர் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் முகம் தெளிவாகிவிட்டது. "குடும்பமே ஒத்துக்கிட்டா ப்ராசஸ் ரொம்ப ஈஸிம்மா. இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாம்." டேப்லெட்டைத் தட்டினார். பச்சை வட்டம் சிவப்பானது. "ஒண்ணே ஒண்ணு மட்டும் நிரப்பணும். ஓடிப்போனவர் இப்ப இருக்கிற இடம். தெரியுமா?"

"தெரியும். பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரை சுடுகாடு."

அவர் விரல் நிற்கவில்லை. எழுத்தெழுத்தாக அடித்து முடித்தார்.

"பின்கோடு?"

"இந்த வூட்டு பின்கோடுதான்."

அதையும் அடித்தார். அடுத்த கட்டத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து, அக்கறையோடு கேட்டார்:

"அங்க வைஃபை கிடைக்குமாம்மா?"